செம்பகம் வளர்த்த முளைப்பாரி

ஏய், எல்லாரும் உக்காருங்க. பேச்ச நிப்பாட்டுங்க. யாருடி அது முறுக்க நறுக்கு நறுக்குன்னு கடிக்கிறது? முழுங்கிட்டு வா. நீ கால நீட்டாதடா, கதை தடுக்கி விழுந்துரும். 'ம்' கொட்டுறவங்க மட்டும் வாயத் தொறக்கலாம்.

ஒரே ஒரு ஊருல மூக்காயின்னு ஒருத்தி இருந்தா. வாயில கொழுக்கட்டைய அடைச்ச மாதிரி, பேசவே மாட்டா. அவளுக்கு ஒரே மக, பேரு செம்பகம். அந்தப் பேர அவளேதான் வச்சுக்கிட்டா. பொறந்தப்ப ஊரு கூடி, ஆம்பளப் புள்ளன்னு சொல்லி, முனியன்னு பேரு வச்சிருச்சு. என்னடா முழிக்கிற? ஊரு சொல்லுச்சு, அவளக் கேக்கல. வெவரம் தெரிஞ்சதும் அவளே சொன்னா, "ஆத்தா, நான் பொண்ணு. என் பேரு செம்பகம்"னு. அவ்வளவுதான் சங்கதி.

மூக்காயி அடிக்கல, வையல. ஆனா ஊருக்குப் பயம். அதனால முனியான்னும் கூப்பிடல, செம்பகம்னும் கூப்பிடல. "இந்தா, சோறு இருக்கு." "இந்தா, ஆட்டப் பத்திக்கிட்டுப் போ." எல்லாத்துக்கும் ஒரு இந்தா. பொழுது சாஞ்சா ஒவ்வொரு ஆத்தாளும் வாசல்ல நின்னு கூவுவா. "ஏ ராக்கூ... வாடீ"ன்னு ஒரு கொரலு, "ஏ அழகீ... வாடீ"ன்னு ஒரு கொரலு. செம்பகம் ஆட்டோட ஆடா ஓடை மேட்டுலயே நிப்பா. எல்லாப் பேரும் வீடு போய்ச் சேந்தப்பறமும் நிப்பா. அவ பேரு வராது, காத்துதான் வரும். அப்பறம் அவளாவே நடப்பா.

அப்ப அம்மனுக்குத் திருநா சாட்டுனாங்க. அந்த ஊரு வழக்கம் என்னன்னா, பொம்பளப் புள்ளைக இருட்டறையில முளைப்பாரி வளர்த்து, கோயில் வாசல்ல கொண்டாந்து வைக்கணும். ஆத்தாக்காரி பேரச் சொல்லிக் கூப்பிட்டாத்தான் மக தூக்கணும். தலைக்கு ஏறுன பாரிய, கரைக்கக் கொளத்துக்குப் போற வரைக்கும் கீழ வைக்கக் கூடாது; வேற ஆளு தூக்கிட்டா, வளர்த்தவ வந்து வாங்குனாத்தான் உண்டு. செம்பகமும் விரதமிருந்து ஒரு சட்டியில வளர்த்தா. தண்ணி தெளிக்கும்போதெல்லாம், "ஆத்தா கூப்பிடுவாளா, ஆத்தா கூப்பிடுவாளா"ன்னு முளைகிட்டக் கேப்பா. முளை என்ன சொல்லும்? வளரும்.

திருநா அன்னைக்கு எல்லாப் பாரியும் ஏறிருச்சு, ஒண்ணு மட்டும் தரையில. செம்பகம் ஆத்தா மொகத்தப் பாக்குறா, ஆத்தா மண்ணப் பாக்குறா. அந்த நேரம் பாத்து வந்தாரு அந்த ஊரு ராசா. எப்படி? இந்தா இப்படி, வயிறு முன்னால வர, மீசை அதுக்குப் பின்னால வர!

"எலேய் முனியா! ஆம்பளைக்கு எதுக்குடா முளைப்பாரி? இந்தப் பக்கம் வா, ஒரு சோடிக் காளை தாரேன்!"

செம்பகம் திரும்பல.

"எலேய் முனியா! வா, ஏறிப் போகக் குருதை தாரேன்!"

செம்பகம் திரும்பல.

"எலேய் முனியா! பாதி ஊரத் தாரேன்டா!"

"அந்தப் பேருல இங்க யாரும் இல்ல ராசா"ன்னா.

வந்துச்சு பாரு கோவம்! "இத நானே கொளத்துல வீசுறேன்"னு சட்டியத் தூக்குனாரு. ஈரமண்ணு, கனம் தாங்கல, டபக்குன்னு தலையில வச்சுட்டாரு. அடப்பாவி! பாரி சுமக்குறவள மகளேன்னு சொல்லிக் கும்மியடிக்கிறது வழக்கமாச்சே, பொம்பளைக விடுவாளுகளா? கொலவையப் போட்டு, சுத்திச் சுத்திக் கும்மியடிச்சு, "வாடி மகளே, அம்மன் மகளே"ன்னாளுக.

"ஏய், நான் ராசா!"

"சரிடி ராசாத்தி!"

"நான் ஆம்பளடி!"

"ஆகட்டும்டி தங்கம்!"

"அய்யய்யோ, நான் யாருன்னு எனக்குத் தெரியாதா? என்னைய ராசான்னு கூப்பிடுங்கடி!"

கத்துறாரு, கண்ணுல தண்ணி வழியுது, மீசை தொங்கிருச்சு. கும்மியத் தாண்டிக் கொளத்துக்குப் போகவும் வழியில்ல, கீழ வைக்கவும் பயம், அம்மன் கோவிச்சுக்குவா. "முனியா, வந்து வாங்கிக்கடா"ங்குறாரு. செம்பகம் அசையல. அவ ஆத்தா மொகத்தத்தான் பாக்குறா.

அப்ப, அதுவரைக்கும் வாயே தொறக்காத மூக்காயி, கூட்டத்த வெலக்கிக்கிட்டு வந்து ராசா முன்னால நின்னா.

"நாலு எட்டு வைக்கிறதுக்குள்ள உமக்கு இந்தத் துடி துடிக்குதே ராசா, எம்புள்ள பொறந்ததுலருந்து தனக்கில்லாத பேரச் சொமந்திருக்கா, நானும் வாயப் பொத்திக்கிட்டு நின்னேன். குனியும் தலைய! ஏ செம்பகம்... வாடி எம்மகளே, வந்து வாங்கிக்க உன் பாரிய!"