நாரை அளந்த மூன்று நாள்

காட்டு ஏரி ஒன்றில் ஒரு நாரை இருந்தது. தினமும் காலையில் அது ஒரே கல்லின் மேல் போய் நிற்கும். தண்ணீர் தன் காலில் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்த்து, மனதில் குறித்துக்கொள்ளும்.

ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் காட்டுப்பன்றிகள் கிழங்கு தோண்டின. காய்ந்த மண் இளக வேண்டுமே! அதற்காகக் கரையில் மடை வெட்டி, அநேகமாகத் தினமும் அதைத் திறந்துவிட்டு, மாலையில் மண்ணால் அடைத்தன.

ஆவணி மாதம் நாரை காட்டுச் சபைக்குப் போனது.

"மடை திறந்த நாளில் ஏரி ஒரு விரல் குறைகிறது. திறக்காத நாளில் குறைவதே தெரியவில்லை. மிச்சம் இருப்பது இருபது விரல் தண்ணீர். மழைக்கோ இன்னும் அறுபது நாள். மூன்று நாளைக்கு ஒரு முறை திறந்தால்தான் தாக்குப்பிடிக்கும்!"

"மூன்று நாளைக்கு ஒரு முறையா!" என்று தாய்ப்பன்றி பதறியது. அதன் பின்னால் ஆறு குட்டிகள் நின்றன. "கிழங்கு தின்னாவிட்டால் எனக்குப் பால் ஊறாது. தினமும் திறக்கத்தான் வேண்டும்!"

பாவம், அது சொன்னதும் பொய் இல்லை.

சபைத் தலைவர் யானை. எந்த வழக்கு வந்தாலும் இரு தரப்பையும் கேட்டு, நடுவில் முடித்து வைப்பது அதன் வழக்கம். பலாப்பழச் சண்டை, மரநிழல் சண்டை எல்லாம் அப்படித்தான் தீர்ந்தன. அதில் யானைக்கு நல்ல பெயரும் கிடைத்திருந்தது.

நரி மெல்ல நாரையின் காதருகே வந்தது. "அட அசடே! ஐந்து நாள் என்று சொல். இவர் நடுவில் வெட்டினால் சரியாக மூன்று வந்து நிற்கும்!"

"நான் அளந்தது மூன்று. இன்று கூட்டிச் சொன்னால், நாளைக்கு நான் அளந்து சொல்வதை யார் நம்புவார்கள்?" என்றது நாரை.

யானை தொண்டையைக் கனைத்தது. "ஒருவர் தினமும் என்கிறார். ஒருவர் மூன்று நாளைக்கு ஒரு முறை என்கிறார். இரண்டு நாளைக்கு ஒரு முறை திறக்கலாம். யாருக்கும் மனக்கசப்பு வேண்டாம்!"

"ஐயா, அப்படிச் செய்தால் நாற்பதாம் நாள் ஏரி வற்றிவிடும்!"

"நீங்களும் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள், நாரையாரே!"

"விட்டுக்கொடுக்க என்னிடம் என்ன இருக்கிறது? குறைவது ஏரி அல்லவா!"

தீர்ப்பு நன்றாக இருக்கிறது என்று பேசிக்கொண்டே சபை கலைந்தது.

நாற்பதாம் நாள் ஏரியில் சேறுதான் இருந்தது. சபை மறுபடி கூடியது.

"மழைக்கு எத்தனை நாள்?" என்று கேட்டது யானை.

"இருபது நாள், ஐயா" என்றது நாரை.

"என் பிள்ளைகளுக்கு இன்றைக்கே தண்ணீர் வேண்டும்!" என்று தாய்ப்பன்றி அழுதது.

யானை பழக்கதோஷத்தில், "சரி, பத்து நாளில்..." என்று ஆரம்பித்துவிட்டது. பிறகு வாயை மூடிக்கொண்டது. வானத்தைச் சபைக்குக் கூப்பிட்டுப் பஞ்சாயத்துப் பேச முடியுமா?

அன்றே எல்லாரும் ஆற்றைத் தேடி நடந்தார்கள். இரண்டு நாள் வழி. யானை தன்னால் முடிந்தவரை குட்டிகளைத் தூக்கிச் சுமந்தது. அப்படியும் ஆற்றங்கரையில் தண்ணீர் குடித்தவை நான்கு குட்டிகள்தான். தாய்ப்பன்றி குடிக்காமல் வந்த வழியையே பார்த்துக்கொண்டு நின்றது.

பங்கு பிரிக்கும்போது நடுவழி நல்லதுதான். ஆனால் அறிந்தவர் அளந்து சொன்ன அளவைப் பேரம் பேசிக் குறைத்தால், அது நம் பிள்ளைகள் தலையில்தான் விடியும்.