முப்பது வருஷத்துச் சராசரி

சிறுமலை அடிவாரத்தில் சிவகாமி அம்மாவின் ஆசிரமம் இருக்கிறது. ஆசிரமம் என்றதும் பெரிதாக ஏதும் நினைத்துவிட வேண்டாம். இரண்டு ஓட்டுக் கட்டடம், ஒரு சமையல்கட்டு, அவ்வளவுதான். அம்மாவுக்கு நாற்பத்துநாலு வயசு. தேடி வருகிறவர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள். அவர்களும் அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள்.

அழகர்சாமி ஐயா அப்படி வருகிறவர். ஒரு தனியார் சர்க்கரை ஆலையில் முப்பத்துநாலு வருஷம் மழை அளந்தவர். தினமும் காலை எட்டரை மணிக்கு மழைமானியைத் திறந்து, எவ்வளவு விழுந்திருக்கிறது என்று பார்த்து எழுதுவது அவர் வேலை. ரிட்டயர் ஆகி மூன்று மாசம். ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை என்று சொல்வார். நம்பலாம், மூஞ்சியைப் பார்த்தாலே தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வழவழப்பான ஒரு நோட்டீசோடு வந்தார். அம்மா மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் உரித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் இதெல்லாம் எனக்குத் தெரியும்.

"அம்மா, ஒரு கேள்வி. ஞானக் கேள்வி இல்லை, பணக் கேள்வி."

"எனக்குப் பணத்தைப் பத்தி என்ன தெரியும்? இருந்தாலும் கேளுங்க."

பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்ந்து ஐயா கைக்கு வந்தது இருபத்திரண்டு லட்சம். மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. மகள் வனிதாவுக்கு முப்பத்திரண்டு வயசு. சின்ன வயசிலிருந்தே வலிப்பு. வேலைக்கு அனுப்ப முடியாது, தனியாகவும் விட முடியாது. அண்ணன்காரன் ஒருத்தன் பெங்களூரில் இருக்கிறான், பேருக்கு. ஆக, அந்த இருபத்திரண்டு லட்சம்தான் வனிதாவுக்குக் கடைசிவரை சோறு போட வேண்டும்.

"ஒரு மியூச்சுவல் ஃபண்டு இருக்கும்மா. ஒரே ஒரு நாட்டுக் கம்பெனிப் பங்குகளை மட்டும் வாங்கும்." நாட்டின் பேரையும் சொன்னார். அந்த நாட்டுக்காரர்கள் நமக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை, பேரை விட்டுவிடுவோம்.

"முப்பது வருஷச் சராசரி, வருஷத்துக்குப் பன்னிரண்டரை சதவீதம். அப்போ ஒரு லட்சம் போட்டவனுக்கு இன்னிக்கு முப்பத்துநாலு லட்சம். நோட்டீஸ் குடுத்த ஏஜென்ட் சொன்னதை நான் நம்பலை, நானே போட்டுப் பார்த்துட்டேன், சரியா வருது. என் பணத்துக்கு மாசம் இருபத்திரண்டாயிரத்துச் சொச்சம். அதை எடுத்து எடுத்து வனிதா சாப்பிடட்டும். அசல் அப்படியே கிடக்கும். வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடணும். போடலாமா?"

அம்மா நோட்டீசை வாங்கிப் பார்த்தார். வருஷத்துக்கு ஒன்றாகக் கம்பம் கம்பமாகப் படம் போட்டிருந்தது. சில கம்பம் மேலே போனது, சிலது கீழே தொங்கியது.

"இதுல பன்னிரண்டரை எந்தக் கம்பம்?"

ஐயா கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேடினார்.

"அப்படித் தனியா ஒரு வருஷம் இல்லைம்மா. ஒரு வருஷம் அறுபது ஏறியிருக்கு, ஒரு வருஷம் நாப்பது இறங்கியிருக்கு. மொத்தமாப் பார்த்தா பன்னிரண்டரை வந்துடுது."

"இங்கே ஏழெட்டு வருஷம் சேர்ந்தாப்புல படுத்துக் கிடக்கே?"

"அப்புறம் எழுந்துடுச்சே! ஒத்தைக் கம்பெனின்னா மூழ்கும். ஒரு முழு தேசம் மூழ்குமா?"

"மூழ்காது," என்றார் அம்மா. "மழை எழுதின நோட்டு வீட்டுல இருக்கா?"

"ஆலைக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணுன்னு ரெண்டு நோட்டு எழுதினவன்மா நான்!"

"புதன்கிழமை கொண்டு வாங்க."

எனக்கு ஆத்திரம்தான் வந்தது. மனுஷன் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு பெண்ணைப் பற்றிக் கேட்கிறார், இவர் மழையைப் பற்றிப் பேசுகிறார். நேராகப் பதில் சொன்னால் வாயிலிருந்து முத்து உதிர்ந்துவிடுமா? மொச்சையை முடித்துவிட்டு எழுந்து போய்விட்டேன்.

புதன்கிழமை ஐயா மஞ்சள் பையில் நோட்டைக் கொண்டுவந்தார்.

"உங்க ஊர்ச் சராசரி என்ன?"

"எண்ணூத்து முப்பது மில்லிமீட்டர்." தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார்.

"சரியா எண்ணூத்து முப்பது பெய்ஞ்ச வருஷம் எது?"

ஐயா சிரித்துவிட்டார். "அப்படி எங்கேம்மா பெய்யுது? பெய்ஞ்சும் கெடுக்கும், காய்ஞ்சும் கெடுக்கும்."

"இருக்கிறதிலேயே கம்மியான வருஷம்?"

புரட்டிக்கொண்டே போனார். ஒரு பக்கத்தில் கை நின்றுவிட்டது.

"முன்னூத்து எண்பது," என்றார். "இந்த வருஷம் வேண்டாம்மா. வேற வருஷம் கேளுங்க."

"ஏன்?"

கண்ணாடியைக் கழற்றி நோட்டின் மேல் வைத்தார். பிறகு சொன்னார்.

"பெருமாயின்னு ஒரு அக்கா. ஆலைக்கு எதிர்லயே மூணு ஏக்கர், மானாவாரி. வானம் பார்த்த பூமி. ஆடி மாசம் என்கிட்ட வந்து, 'தம்பி, நீங்கதானே மழை அளக்குறவரு, இந்த வருஷம் நம்பி விதைக்கலாமா?'ன்னு கேட்டுச்சு. நான் நோட்டைப் பார்த்தேன். 'பயப்படாதீங்கக்கா, நம்ம ஊருக்கு எண்ணூத்து முப்பது உண்டு'ன்னு சொன்னேன். மூணு ஏக்கரும் கடலை போட்டுச்சு. காதுல கிடந்த கம்மலை வித்து விதை வாங்கியிருக்கு, அது எனக்கு அப்புறம்தான் தெரியும்."

"அந்த வருஷம் மலைக்கு அந்தப் பக்கம் எப்படி?"

"அங்கே வெள்ளம்மா. பாலமே அடிச்சுக்கிட்டுப் போச்சு."

"அந்தப் பக்கம் அவங்களுக்கு நிலம் உண்டா?"

"எங்கேம்மா? இருந்ததெல்லாம் அந்த ஒரே இடம்தான்."

"அடுத்த வருஷம்?"

"ஆயிரத்து இருநூத்து ஐம்பது. கிணறெல்லாம் வழிஞ்சுது."

"அக்காவுக்கு நல்ல விளைச்சலா?"

"ஏதும்மா விளைச்சல்! தையிலேயே நிலத்தை வித்துடுச்சு. மழை கொட்டுறப்போ அது திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில பிசிறு வெட்டிக்கிட்டு இருந்துச்சு. வாங்கினவன் வீட்டுக் களத்துல கடலை மலையாக் குவிஞ்சு கிடந்துச்சு. ஆலைக்குப் போறப்போ வர்றப்போ எல்லாம் பார்த்தேன்."

ஐயாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான், மறைப்பானேன். ஆனாலும் மனுஷன் பிடிவாதக்காரர். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"ஆனா நான் சொன்னது பொய்யில்லைம்மா. அந்த ரெண்டு வருஷத்தையும் கூட்டுங்க. ரெண்டால வகுத்தா எண்ணூத்துப் பதினஞ்சு. பதினஞ்சே பதினஞ்சு மில்லிதான் குறையுது! சராசரி தப்பலை!" கடைசியில் கத்தியே விட்டார். சமையல்கட்டில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அம்மா நோட்டை மூடிப் பைக்குள் வைத்தார். பையை அவர் கையில் கொடுத்தார்.

"தப்பாது, ஐயா. அந்தப் பன்னிரண்டரையும் தப்பாமலே இருக்கட்டும். வனிதா எந்தெந்த வருஷம் சாப்பிட வேண்டாம்னு மட்டும் வெள்ளிக்கிழமைக்குள்ள அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க."