ஊரில் இல்லாத அரசர்

ரொம்பக் காலத்துக்கு முன்னால் பாலூற்று என்றொரு சின்ன நாட்டை மகுடராயன் என்ற அரசர் ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான். முன்கோபம் கொஞ்சம் உண்டு. அதைவிடப் பெரிய தொல்லை ஒன்றும் உண்டு. முன்பு நடந்த ஒரு சண்டையில் பருந்துக்கோட்டை அவர் கையைவிட்டுப் போயிருந்தது. காலையில் கண் விழித்ததுமே, "குதிரைப்படையை இடது பக்கம் திருப்பியிருந்தால் ஜெயித்திருப்பேனே" என்று ஆரம்பிப்பார். மதியம் சாப்பிட்டு முடித்ததும், "அடுத்த வருஷம் மழை பொய்த்தால் என்ன செய்வது?" என்று ஆரம்பிப்பார். பொழுது சாய்ந்துவிடும்.

இதில் குளிர்காய்ந்தவர் அரண்மனைச் சோதிடர் ஏகாம்பரம். அரசருக்குக் கழிந்துபோன கிரக தசையைக் காலையிலும் வரப்போகும் தசையை மாலையிலும் பேசிப் பேசி அரசரோடு ஒட்டிக்கொண்டார். அவருக்கு ஒரே ஒரு மனக்குறை. மந்திரி அழகியநம்பியின் ஆசனம் தன்னுடையதைவிட உயரம்.

ஒருநாள் ஏரிக்கரை ஊர்க்காரர்கள் சபைக்கு வந்தார்கள். ஏரி மதகு உடைந்து தண்ணீரெல்லாம் வீணாகிறது, அதைச் சரிசெய்யக் காட்டு மரம் வெட்ட அரசர் உத்தரவு வேண்டும் என்றார்கள். அரசரோ கூரையைப் பார்த்தபடி மனசுக்குள் குதிரைப்படையைத் திருப்பிக்கொண்டிருந்தார். மந்திரி அவர்களை மெல்ல வாசலுக்கு அழைத்துப்போனார்.

"அரசர் ஊரில் இல்லை. நாளைக்கு வாருங்கள், வரவழைத்துவிடுகிறேன்" என்றார்.

தூணுக்குப் பின்னால் நின்ற ஏகாம்பரம் அதைக் கேட்டுவிட்டார். நேராகப் போய்ப் போட்டுக்கொடுத்தார். அரசருக்கு மூக்கு சிவந்தது.

"சிம்மாசனத்தில் நான் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். ஊரில் இல்லை என்றீராமே?"

"சொன்னேன், அரசே. பொய் சொல்லவில்லை."

"அப்படியானால் நாளை உச்சிவேளைக்குள் நிரூபியும். முடியாவிட்டால் பதவியை ஏகாம்பரத்திடம் ஒப்படைத்துவிட்டு நாட்டைவிட்டுப் போய்விடும்."

மந்திரி வணங்கிவிட்டு முதலில் மடைப்பள்ளிக்குப் போனார். அப்புறம் மகாராணியைப் பார்க்கப் போனார்.

மறுநாள் சபை நிரம்பி வழிந்தது. மந்திரி எழுந்தார்.

"அரசே, இன்று காலை என்ன சாப்பிட்டீர்கள்?"

அரசர் யோசித்தார். "ஏதோ... பொங்கல்."

"பொங்கலேதான்" என்றார் ஏகாம்பரம். "நானும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். நெய் மணத்தது."

மந்திரி சமையற்காரரைக் கூப்பிட்டார். அவர் கைகட்டி, "மந்திரி சொன்னபடி உப்பில்லாத கேழ்வரகுக் கூழ்தான் ஊற்றினேன், மகாராஜா. ரெண்டு பேரும் மறுபடி வாங்கிக் குடித்தீர்கள்" என்றார்.

சபையில் பலருக்குத் திடீரென்று இருமல் வந்தது. அரசர் முகம் கறுத்தது.

"கவலை உள்ளவனுக்கு நாக்கு ருசி தெரியாது. அதற்காக ஊரிலேயே இல்லை என்று ஆகிவிடுமா? இது போதாது."

"போதாதுதான். இன்னொரு சாட்சி இருக்கிறது" என்றார் மந்திரி.

பக்கவாட்டுக் கதவு திறந்தது. மகாராணி தன் இடுப்பிலிருந்த குழந்தையைத் தரையில் இறக்கிவிட்டாள். குழந்தை கைகளை விரித்துக்கொண்டு, கொலுசு சிணுங்க, தத்தித் தத்திச் சிம்மாசனத்தை நோக்கி வந்தது.

அரசர் எழுந்து நின்றுவிட்டார். "நம் வடிவுதானா அது? என் மகள் நடக்கிறாளா? எப்போதிலிருந்து?"

"பௌர்ணமியிலிருந்து" என்றாள் மகாராணி. "நந்தவனத்தில் முதல் அடி வைத்தபோது உங்களிடம்தான் வந்தாள். உங்கள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். செடியை விலக்குகிற மாதிரி அவள் கையை விலக்கிவிட்டு, 'இடது பக்கம் திருப்பியிருக்க வேண்டும்' என்று சொல்லிக்கொண்டே போய்விட்டீர்கள்."

சபையில் ஒருவரும் சிரிக்கவில்லை. அரசர் படியிறங்கி வந்து தரையில் உட்கார்ந்தார். குழந்தை பாதி வழியில் ஒரு உதிர்ந்த பூவைக் கண்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டது. அவர் காத்திருந்தார்.

"நான் எங்கே போயிருந்தேன், அமைச்சரே?"

"காலையில் பருந்துக்கோட்டையில் இருந்தீர்கள், மாலையில் அடுத்த வருஷத்தில். அந்த இரண்டு இடத்திலும் உங்களால் ஒரு செங்கல்லைக்கூட நகர்த்த முடியாது. இங்கே மதகு உடைந்து கிடக்கிறது."

"ஏகாம்பரமும் என்கூடத்தான் வந்தாரா?"

"இல்லை, அரசே. அவர் நேற்றிலிருந்து என் ஆசனத்தில் உட்கார்ந்திருக்கிறார்."

அரசர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டுக் குழந்தை எழுந்து ஓடிவந்து அவர் மடியில் விழுந்தது. மடியில் மகளை வைத்துக்கொண்டே ஊர்க்காரர்களை அழைத்து, மரம் வெட்ட உத்தரவு கொடுத்தார். தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார். பிறகு சோதிடர் பக்கம் திரும்பினார்.

"உமக்கு இனி ஒரே வேலை. தினமும் காலையில் வந்து, இன்றைக்கு வெயிலா மழையா என்று சொல்லும். நாளையைப் பற்றி ஒரு வார்த்தை கூடாது."

அடுத்த நாள் காலை ஏகாம்பரம் பஞ்சாங்கத்தோடு வந்து நின்றார். விரலால் வரி பிடித்துப் படித்து, "இன்று நல்ல வெயில், அரசே" என்றார். அவர் குடுமியிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாகப் பஞ்சாங்கத்தின்மேல் விழுந்துகொண்டிருந்தது.

அரசர் சிரித்தபடி எழுந்தார். மகளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனார். அவள் கூரையிலிருந்து கொட்டும் தண்ணீரில் கையை நீட்டி நீட்டி இழுத்தாள். மழை விடுகிறவரை அன்று சபை கூடவில்லை.