சுற்றுலாக்காரர் இல்லாத கடை

விருதுநகர் மில் முதலாளி ரத்தினசபாபதி இத்தாலிக்குப் போனார். மனைவி தெய்வானையோடு, கூடமாட உதவிக்கு அய்யனாரையும் கூட்டிக்கொண்டு போனார். நேபிள்ஸ் நகரத்தில் இறங்கியதும் அவருக்கு ஒரு வீம்பு வந்துவிட்டது.

“சுற்றுலாக்காரன் ஒருத்தன்கூட இல்லாத கடையிலதான் சாப்பிடுவேன்” என்றார்.

கடை கடையாக ஏறி இறங்கினார்கள். எங்கே எட்டிப் பார்த்தாலும் ஒரு வெளியூர் முகம் தெரிந்தது. முதலாளி உடனே திரும்பிவிடுவார். மதியம் தாண்டியது. சர்க்கரை நோயாளியான தெய்வானைக்குக் கை நடுங்க ஆரம்பித்தது.

“அடுத்த கடை சரியில்லேன்னா உனக்கு வேலை கிடையாது!” என்று அய்யனார்மேல் பாய்ந்தார் முதலாளி.

அய்யனார் ஒரு சந்துக்குள் நுழைந்து, சின்னக் கடை ஒன்றின் வாசலில் நின்றான். உள்ளே சுண்ணாம்புக் கையோடு கொத்தனார்கள் சத்தமாகப் பேசியபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பூண்டு வதங்கும் வாசனை தெருவுக்கே வந்தது.

“எல்லாரும் உள்ளூர்க்காரங்கதான், ஐயா. இங்கேயே நின்னு பார்த்துக்குங்க.”

“ஏன், உள்ளே போகக் கூடாதா?”

“நீங்க கால் வெச்சதும் கடையில ஒரு சுற்றுலாக்காரர் வந்துடுவாரே! அப்புறம் நீங்க சாப்பிட மாட்டீங்களே, ஐயா?”

முதலாளி படியில் வைக்கப்போன காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“நான் சுற்றுலாக்காரியாவே இருந்துட்டுப் போறேன்” என்று தெய்வானை உள்ளே போய் உட்கார்ந்துவிட்டாள். கடைக்காரம்மா கொண்டுவந்த ரொட்டியில் பாதி உள்ளே போனதும் நடுக்கம் குறைய ஆரம்பித்தது.

முதலாளி பெருமூச்சு விட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“வாசல்ல ஏன்டா நிக்கிறே? வந்து சாப்பிடு” என்றார்.