குளத்தில் எறிந்த தூக்குவாளி

முன்னொரு காலத்திலே, மலையடிவாரத்தில் நெல்லிமங்கலம் என்றொரு ராஜ்ஜியம் இருந்தது. அந்த ஊரில் எல்லாம் நல்ல வழக்கம்தான், ஒன்றைத் தவிர. கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறப்பதற்கு முதல் நாள், பிள்ளைகளின் போன வருஷத்துப் பை, பலகை, சோற்றுப் பாத்திரம் எல்லாவற்றையும் ஊர்க்குளத்தில் எறிந்துவிடுவார்கள். பழசோடு போனால் படிப்பு ஏறாதாம். யார் சொன்னது? யாருக்கும் தெரியாது. ஆனாலும் எறிவார்கள். குடிப்பதும் அதே குளத்துத் தண்ணீரைத்தான், இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல!

அந்த ஊரில் செங்கமலம் என்று ஒருத்தி விறகு வெட்டிப் பிழைத்தாள். கணவன் இல்லை. ஏழு வயது மகள் அல்லியம்மைதான் அவளுக்கு உலகம்.

அந்த வருஷம் பள்ளி திறக்கும் சமயத்தில் ஒரு மந்திரவாதி வந்தான். பளபளவென்று டப்பாக்கள் கொண்டுவந்தான். மூடியைத் திறந்தால் நினைத்த பலகாரம் இருக்கும். ஜாங்கிரி என்றால் ஜாங்கிரி, முறுக்கு என்றால் முறுக்கு. விலை ஒன்றும் வேண்டாம், பழைய பாத்திரத்தைக் குளத்தில் எறிந்துவிட்டு வந்தால் போதும் என்றான். அல்லியம்மை தன் நசுங்கின தூக்குவாளியைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஊரே எறியும்போது நாம் எறியாவிட்டால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று செங்கமலம்தான் அதைப் பிடுங்கி எறிந்தாள்.

பள்ளிக்கூடம் திறந்தது. முதல் நாள் பிள்ளைகளுக்குப் பசி போயிற்று. இரண்டாம் நாள் விளையாட்டுப் போயிற்று. மூன்றாம் நாள் மத்தியானம் அல்லியம்மை வீட்டுக்கு வந்து, வாசலிலேயே நின்று, பெற்றவளைப் பார்த்துக் கேட்டாள்:

"நீங்க யாரு?"

விறகு பிளந்துகொண்டிருந்த செங்கமலம் கையிலிருந்த அரிவாளைக்கூடக் கீழே வைக்கவில்லை. பிடுங்கி எறிந்த பாவம்தான் இது என்று நினைத்துக் குளத்துக்கு ஓடினாள். தண்ணீர் கறுத்து நாறிக் கிடந்தது. கரையோரம் ஓர் ஆமை, கழுத்தில் பழைய பை வார் இறுகிப்போய் மூச்சுக்குத் தவித்தது. தன் அவசரத்திலும் அவள் குனிந்து, அரிவாளால் அந்த வாரை அறுத்துவிட்டாள்.

ஆமை வாய் திறந்து பேசியது. "பிள்ளை தினமும் தொட்ட பொருளில்தான் அதன் நினைப்பு ஒட்டிக்கிடக்கு, தாயே. அந்த மந்திரவாதி அதை உங்க கையாலேயே புதைக்க வெச்சு, தன் டப்பாவால பிள்ளைங்க மனசைப் பிடிச்சுக்கிட்டான். எறிஞ்சவங்களேதான் எடுக்கணும். இன்னைக்குப் பொழுது சாய்ஞ்சா, பிள்ளைங்க எல்லாரும் அவன் பின்னாடியே போயிடுவாங்க."

வெயில் ஏற்கெனவே சாய ஆரம்பித்திருந்தது. இறங்கித் தேடினால் தன் மகளாவது பிழைப்பாள். மற்றப் பிள்ளைகள்? செங்கமலம் திரும்பி ஊருக்குள் ஓடினாள். தெருத் தெருவாகச் சொன்னாள். பைத்தியம் பிடித்துவிட்டது என்று சிரித்தார்கள். அவள் நடுத்தெருவில் நின்று சொன்னாள்:

"என் மகளுக்கு என்னைத் தெரியலை. உங்க பிள்ளைகிட்டயும் போய்க் கேட்டுப் பாருங்க, நீங்க யாருன்னு."

கேட்டார்கள். அதற்கப்புறம் ஒருவரும் சிரிக்கவில்லை.

ஊரே குளத்தில் இறங்கிற்று. பை கிடைத்தது, பலகை கிடைத்தது, பாத்திரம் கிடைத்தது. செங்கமலத்துக்கு மட்டும் கிடைக்கவில்லை. ஒருமுறை மூழ்கினாள், சேறு வந்தது. இன்னொரு முறை மூழ்கினாள், சேறுதான் வந்தது. மலை உச்சியில் வெளிச்சம் ஒரு கீற்றாக நின்றபோது மூன்றாம் முறை மூழ்கினாள். ஆமை அவள் விரலை மெல்லக் கவ்வி, ஆழத்துக்கு இழுத்துப்போயிற்று.

அவள் தூக்குவாளியோடு எழுந்த அந்தக் கணமே மந்திரவாதியின் டப்பாக்கள் எல்லாம் சேறாகி வழிந்தன. அவனும் அந்தச் சேற்றோடு கரைந்தான்.

ராஜா அவளை அழைத்துக் குளத்தின் காவலை ஒப்படைத்ததும், எறிகிற நாள் பை துவைத்துத் தைக்கிற நாளாக மாறினதும் பிற்பாடு நடந்தவை. அன்றைக்கு அவளுக்கு அதெல்லாம் தோன்றவே இல்லை. வீட்டுக்கு ஓடினாள். தூக்குவாளியைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். முருங்கைக்கீரை போட்டுக் கம்பஞ்சோறு ஆக்கினாள். அதைத் தூக்குவாளியில் எடுத்துவைத்து, தன்னைத் தெரியாத மகளின் முன்னால் உட்கார்ந்தாள்.

அல்லியம்மை ஒரு வாய் வாங்கினாள். மென்றாள். முகத்தைச் சுளித்தாள்.

"உப்பே போடலியே, அம்மா."