துறவியின் தலையும் ஓர் அகப்பைக் கஞ்சியும்

முன்னொரு காலத்தில், புத்தர் என்ற பெயரைச் சீன தேசம் அப்போதுதான் கேள்விப்பட்டுக்கொண்டிருந்த நாளில், அங்கே ஒரு பேரரசர் இருந்தார். வசந்தம் பிறந்ததும் அவரே வயலில் இறங்கி ஏர் பிடித்து முதல் சால் ஓட்டுவது அந்நாட்டு வழக்கம். அமைச்சர்கள் தலைகுனிந்தபடி பின்னால் நடப்பார்கள். அந்த ஆண்டு உழவு முடிந்த கையோடு அரசருக்கு ஒரு புது ஆசை வந்தது.

மேற்கிலிருந்து பாலைவனம் கடந்து வந்த சுமதிபாலர் என்ற புத்தத் துறவி, அரண்மனை விருந்தினர் மாளிகையில் தங்கியிருந்தார். அவருக்கு ஒரு கோயில் கட்டித் தரலாமே என்று அரசர் நினைத்தார். துறவியைச் சபைக்கு அறிமுகம் செய்தவன் விகடகவி ஷுன் போ. அவனுக்கும் தலைமை அமைச்சர் காவ் மின்னுக்கும் ஏற்கெனவே ஆகாது. அமைச்சருக்கு வயிறு எரிந்தது.

"பேரரசே, அந்த மொட்டைத் துறவி எந்த அரசரையும் வணங்குவதில்லை என்று விரதம் பூண்டவர். அவருக்குக் கோயில் கட்டினால் நாளை குடிகளும் தங்கள் முன்னே நிமிர்ந்து நிற்பார்கள்" என்று ஓதிவிட்டார்.

அரசரின் புருவம் நெரிந்தது.

"ஷுன் போ! நாளை சபையில் அந்தத் துறவியின் தலை என் முன்னே குனிய வேண்டும். அவருடைய விரதமும் கெடக்கூடாது. அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். தவறினால் கோயிலும் இல்லை, உன் கழுத்தின் மேல் தலையும் இல்லை."

"ஆகட்டும் பேரரசே! ஒரு பானை கஞ்சியும் ஓர் அகப்பையும் மட்டும் தயாராக இருக்கட்டும்" என்றான் ஷுன் போ. வாய் துணிச்சலாகப் பேசிவிட்டது. தினமும் மாளிகைக்குப் போய், துறவி சாப்பிடுவதை வேடிக்கை பார்த்தவன் அல்லவா அவன்?

மறுநாள் காலை சுமதிபாலர் நிமிர்ந்த தலையோடு சபைக்குள் வந்தார். காவ் மின் மீசைக்குள் சிரித்துக்கொண்டார். ஷுன் போ துறவியைப் பாயில் உட்கார வைத்துவிட்டு, அரசரிடம் அகப்பையை நீட்டினான்.

"விருந்தினருக்கு முதல் அகப்பை தங்கள் திருக்கரத்தால், பேரரசே!"

அரசர் இறங்கி வந்து கஞ்சியை மொண்டு, குனிந்து ஊற்றினார். துறவி திருவோட்டை இரு கைகளாலும் ஏந்தினார். உணவை ஏற்கும்போது பார்வை பாத்திரத்தை விட்டு நகரக்கூடாது என்பது அவருடைய ஒழுங்கு. மொட்டைத் தலை மெல்லத் தாழ்ந்தது. கஞ்சி விழுந்து முடியும்வரை நிமிரவே இல்லை.

"தலை குனிந்துவிட்டது! விரதமும் கெடவில்லை!" என்று ஷுன் போ கூவினான்.

காவ் மின் துள்ளி எழுந்தார். "அநியாயம்! பேரரசே, கஞ்சி ஊற்றும் சாக்கில் இவன் தங்களையல்லவா குனிய வைத்துவிட்டான்! விண்ணின் மைந்தரான தாங்கள் ஒரு பரதேசியை வணங்கியதைச் சபையே பார்த்துவிட்டது!"

அரசரின் முகம் சிவந்தது. வாசலில் நின்ற வாள்காரன் ஓரடி முன்னால் வந்தான். இதை ஷுன் போ எதிர்பார்க்கவே இல்லை.

"அமைச்சரே, குனிந்தாலே வணக்கம்தானா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"சந்தேகமென்ன? யார் முன்னே குனிகிறோமோ அவருக்கு வணக்கம்!"

"அப்படியானால் வசந்த உழவில் பேரரசர் குனிந்து ஏர் பிடித்தாரே, முன்னால் இருந்தது ஒரு மாட்டின் வால். அவர் மாட்டையா வணங்கினார்? வயல் முழுக்கக் குனிந்தபடியே பின்னால் வந்தீர்களே, உங்கள் வணக்கம் யாருக்கு? பேரரசர் அன்று குனிந்தது பயிருக்காக, இன்று குனிந்தது ஒருவர் பசிக்காக. துறவியின் தலை குனிய வேண்டும் என்றார், குனிந்தது. வணங்க வேண்டும் என்று அவர் கேட்கவே இல்லையே!"

அரசர் அமைச்சரைப் பார்த்தார். மாட்டை நினைத்தார். சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது.

"காவ் மின், நீர் கடைசிவரை நிமிரவே இல்லையே! அந்த மாடு உமக்கு என்ன வரம் தந்தது? விருந்தினர் மாளிகையே இனி இந்தத் துறவியின் கோயில். அங்கே தோட்டம் போட அதே மாட்டைப் பூட்டி நீரே உழும்!"

பிறகு தம் கழுத்திலிருந்த பச்சைக்கல் மாலையைக் கழற்றி ஷுன் போவுக்குப் போட்டார். "இன்னும் என்ன வேண்டும், கேள்!"

"பானையில் மிச்சமிருக்கும் கஞ்சி, பேரரசே. தலை தங்குமோ தங்காதோ என்ற கவலையில் நேற்றிலிருந்து ஒரு வாய்கூட இறங்கவில்லை."

அரசரே ஊற்றினார். ஷுன் போ மூக்கு கிண்ணத்தில் படும்படி குனிந்தான்.

"இது எனக்கு வணக்கமா, ஷுன் போ?"

"பாதி வணக்கம், பேரரசே. மீதி பசி."

அரசர் சிரித்த சிரிப்பில் அடுத்த அகப்பைக் கஞ்சி தரையில் சிந்தியது.