கிழிகாதன் சுமந்த மலைப்பாம்பு

கிழிகாதன் என்ற ஆண் யானை கூட்டத்தை விட்டுப் பிரிந்து இரண்டு மழைக்காலம் ஆகியிருந்தது. மூங்கில் தீர்ந்தால் அடுத்த மலைக்குப் போகும். குட்டை வற்றினால் அடுத்த ஆற்றைத் தேடும். ஓரிடத்தில் மூன்று நாள் நின்றால் அதற்குக் கால் பரபரக்கும்.

நடக்க நடக்கப் பேச்சுத்துணை இல்லையே என்பதுதான் அதன் குறை. குரங்குகள் தங்கள் தோப்பை விட்டு வர மறுத்தன. மைனாக்கள் முதுகில் வந்து உட்கார்ந்தன, மறுநாளே பறந்துவிட்டன. கடைசியில், ஒரு பாம்பைத் தன்னோடு வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தது. பாம்பு கூச்சல் போடாது, மூங்கிலில் பங்கு கேட்காது, முதுகில் படுத்தபடியே பேச்சுத்துணையாக இருக்கும் என்று கணக்குப் போட்டது.

சேதி பரவி, முதலில் வந்தது ஒரு மண்ணுளிப்பாம்பு. குட்டையான உடம்பு, மண் நிறம், வால் எது தலை எது என்று தெரியாத உருவம்.

"அண்ணே, மாதத்துக்கு ஓர் எலி கிடைத்தால் எனக்குப் போதும். நீங்கள் தினமும் முதுகில் மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறீர்களே, அதற்குள் புதைந்துகொள்வேன். நீங்கள் எங்கே போனாலும் எனக்கு வீட்டில் இருப்பது போலத்தான்" என்றது.

கிழிகாதன் அதை மேலும் கீழும் பார்த்தது. இதைச் சுமந்துகொண்டு போனால் மற்ற கொம்பன் யானைகள் என்ன சொல்லும் என்று நினைத்தது. யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அனுப்பியது. மண்ணுளிக்குப் புரிந்துவிட்டது. அது மண்ணுக்குள் போய்விட்டது.

இரண்டு நாள் கழித்து அருவிக்கரைப் பாறையில் சித்திரியைப் பார்த்தது கிழிகாதன். சித்திரி வயதில் மூத்த மலைப்பாம்பு. காலை வெயிலில் அதன் உடம்பெல்லாம் பழுப்பும் பொன்னுமாக மின்னியது. இது முதுகில் கிடந்தால் பட்டுக் கம்பளம் போர்த்தியது போல இருக்குமே என்று யானைக்கு ஆசை பிறந்தது. கூட வரும்படி கெஞ்சியது.

சித்திரி தயங்கியது. "தம்பி, நான் இரை எடுத்தால் ஒரு வாரம் அசையாமல் கிடக்க வேண்டும். தோல் உரிக்கும் நாளில் தண்ணீரில் ஊற வேண்டும். நீயோ நிற்காமல் நடக்கிறவன்."

"அதற்கென்ன அக்கா, நான் காத்திருக்கிறேன்" என்றது கிழிகாதன். சொல்வதற்கு அது சுலபமாகத்தான் இருந்தது.

அதுவரை யாரும் சித்திரியை அக்கா என்று கூப்பிட்டதில்லை. அது சம்மதித்தது.

முதல் சில நாட்கள் இரண்டுக்கும் சந்தோஷமாகவே போயின. மான்கள் மேய்வதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தன. மற்ற கொம்பன்கள் விலகி வழிவிட்டன. சாயங்காலமானால் சித்திரி அந்தக் கிழிந்த காதுக்குப் பின்னால் தலையை வைத்துக்கொண்டு, அருவிப் பக்கத்துக் கதைகளை மெல்லச் சொல்லும். கிழிகாதன் அதற்காகவே நடையைக் குறைத்துக்கொள்ளும்.

ஒருநாள் சித்திரி ஒரு முயலை விழுங்கிவிட்டு மரத்தடியில் சுருண்டது. இரண்டாம் நாளே மேற்கிலிருந்து பலாப்பழ வாசம் வந்தது. மெதுவாக நடந்தால் ஒன்றும் ஆகாது என்று சொல்லிக் கிழிகாதன் அதைத் தூக்கி முதுகில் வைத்தது. சரிவில் இறங்கும்போது சித்திரி முயலை அப்படியே கக்கிவிட்டது. கிழிகாதன் வருத்தப்பட்டது. இனி இப்படிச் செய்ய மாட்டேன் என்று சொன்னது. மனதாரத்தான் சொன்னது.

அடுத்த மாதம் சித்திரி ஒரு காட்டுப்பன்றிக் குட்டியைப் பிடித்தது. இந்தத் தடவை கிழிகாதன் மூன்று நாள் நின்றது. நான்காம் நாள் அதற்குப் பொறுக்கவில்லை, சித்திரியைத் தூக்கி முதுகில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டது. சித்திரி மறுபடியும் கக்கியது. அதன் பிறகு இரை தேடுவதையே விட்டுவிட்டது. கேட்டதற்குப் பசியில்லை என்றது. கிழிகாதனும் அதை நம்பிக்கொண்டது, நம்புவது சௌகரியமாக இருந்ததால்.

கோடை வந்தது. ஈச்சம்பழத்தைத் தேடிக் கிழிகாதன் ஒரு வறண்ட மலைமுகட்டில் ஏறியிருந்தபோது சித்திரியின் கண்கள் பால் போல வெளுத்தன. தோல் உரியும் நேரம். சொட்டுத் தண்ணீர் இல்லை. மெலிந்த உடம்பில் பழைய தோல் காய்ந்து இறுகிப் பிடித்துக்கொண்டது. மூச்சு விடக்கூட அது சிரமப்பட்டது.

அப்போதுதான் கிழிகாதனுக்குப் பயம் வந்தது. அது ஆற்றை நோக்கி ஓடியது. ஒரு பகல் முழுக்க நிற்காமல் ஓடியது. ஒவ்வொரு குலுக்கலும் சித்திரிக்கு வலிக்கும் என்று தெரிந்தும் ஓட வேண்டியிருந்தது.

ஆற்றோரத்தில் இறக்கி, துதிக்கையால் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றியது. தோல் துண்டு துண்டாகப் பிய்ந்து வந்தது. அடியில் புதுத்தோல் வெளிறிக் கிடந்தது.

"அக்கா, ஒரு மாதம் ஆனாலும் இங்கேயே நிற்கிறேன். எழுந்திரு" என்றது கிழிகாதன்.

சித்திரி தலையைத் தூக்கப் பார்த்தது, முடியவில்லை.

"உனக்கு என்மேல் பாசம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன், தம்பி. உன்னால் நிற்க முடியாது, அவ்வளவுதான். அது எனக்கும் தெரிந்துதான் இருந்தது."

பொழுது சாய்வதற்குள் அதன் மூச்சு நின்றுவிட்டது.

கிழிகாதன் பச்சை இலைகளை ஒடித்து வந்து அதை மூடியது. பக்கத்திலேயே நின்றது. எத்தனை நாள் என்று அதற்கே தெரியாது. காற்றில் பழ வாசம் வந்தது. தூரத்தில் மழை இடி முழங்கியது. அது நகரவில்லை. ஆனால் அந்த நிற்பால் இனி யாருக்கும் பயனில்லை என்பதும் அதற்குத் தெரிந்திருந்தது.

ஓர் உயிரை நம்மோடு வாழ அழைக்கும்முன், அது நம் கண்ணுக்கு அழகாக இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, நாம் வாழும் விதம் அதற்கு ஒத்துவருமா என்று பார்ப்பதே முக்கியம்.